இருவர் கேட்கும் குழல்

அக்டோபர் 7, திங்கள்

மதியம் டாக்டர் ஹரிணி நர்சுகள் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். மாசமாக இருக்கும் பெண்களின் செக்கப் ரெஜிஸ்டரை விரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பினார். பிரஷர் எழுதும் கட்டத்தில் 110/70. அதற்குக் கீழே 110/70. அதற்கும் கீழே 120/80. மறுபடி 110/70.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே ரத்தமா ஓடுது?" என்று கேட்டார்.

நர்ஸ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கையெழுத்து இருக்கும் இடங்களில் அப்படி இருக்காது. 118/76, 124/82 என்று இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் காதால் கேட்டுத்தான் எழுதுகிறேன். கடைத்தெரு சேக் அலாவுதீன் இந்தத் தரும ஆஸ்பத்திரியைத் திறந்த நாளிலிருந்து இருப்பவள் நான் ஒருத்திதான். "சுகுணா சிஸ்டர் முதல்லேருந்து சொல்லித் தருவாங்க. பொங்கலுக்குள்ள எட்டுப் பேரும் ஒழுங்கா பிரஷர் பாக்கணும்" என்றார் டாக்டர். இருந்த ஒரே டிஜிட்டல் மெஷினும் உப்புக்காற்றில் செத்துவிட்டது. இனிக் காதுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படிக்கிற காலத்தில் முதன்முதலாகப் பிரஷர் பார்த்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கையில் பட்டையைக் கட்டிக் காற்றை அடித்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, மெதுவாகத் திறந்துவிட வேண்டும். டயலில் முள் இறங்கும். குழலில் ஒன்றும் இருக்காது. ஒன்றுமே இருக்காது. பிறகு தெருக்கோடியில் யாரோ கதவைத் தட்டினமாதிரி ஒரு 'டப்'. முள் அப்போது நிற்கும் எண்தான் மேல் பிரஷர். சத்தம் கரைந்து போகும் இடம் கீழ் பிரஷர். அந்த முதல் சத்தம் வந்ததும் என் இடதுகை ஆள்காட்டி விரல் தானாக எழும்பும், சத்தம் போனதும் மடங்கும். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்.

மணமேல்குடி நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கித் திரும்பி நடந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை கத்தினாராம். கனவில் இருந்தால் இப்படித்தான்.

அக்டோபர் 9, புதன்

முதல் வகுப்பு. எட்டுப் பேரையும் வழக்கம்போலப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன். அடேயப்பா! பர்தாவின் கைக்குமேலேயே பட்டையைக் கட்டுகிறார்கள். கால்மேல் கால் போட்டிருந்தாலும் விடுகிறார்கள். கை தொங்குகிறது. பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்தவளை மூச்சு வாங்க வாங்க உட்காரவைத்துக் காற்றடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, பேச்சு. பட்டையை இறுக்கியதும் "சாப்ட்டீங்களா? மாப்ள போன் பண்ணாங்களா? எப்ப வாராங்களாம்?" மாப்பிள்ளை வரவில்லை என்று சொன்னாலே பிரஷர் பத்து ஏறிவிடும். இங்கே வருகிற பெண்களில் பாதிப்பேரின் மாப்பிள்ளைமார் குவைத்திலோ துபாயிலோதான்.

பழைய புடவை ஒன்றைக் கிழித்து மூலையில் திரை கட்டினேன், பர்தாவின் கையைத் தாராளமாக விலக்கிக் காட்ட. அதற்கு எதிரே புங்கமரத்து ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. ஐந்து நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்த பிறகுதான் பட்டை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூஜை. யாரோ டயல் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். முள்ளைத் தேடவேண்டியிருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

செக்கப் நாள். பெஞ்சில் சாரா உம்மாளும் அவர் மருமகள் ஷிஃபாவும். ஷிஃபாவுக்குத் தலைப்பிரசவம், முப்பத்தோராவது வாரம். நான் ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாரா உம்மாளுக்குத் தாங்கவில்லை.

"என்ன சிஸ்டர், எங்க மேல கோவமா? வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல?"

உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அதற்கு இன்னும் வருத்தப்பட்டார். அப்புறம் விளக்கிச் சொன்னதும் "இம்புட்டுத்தானா? நான் என்னவோ ஏதோன்னு நெனச்சுப்புட்டேன்" என்று மருமகளின் வாயையும் சேர்த்துப் பொத்தினார்.

எல்லோரும் போனபிறகு நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கடல் பக்கத்துக் காற்று. புங்க இலைகள் அசைகின்றன. அசைவது தெரிகிறது, சத்தம் ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நிம்மதி! அப்படியே தூங்கிவிட்டேன். எட்டுப் பெண்களும் தண்ணீருக்குள் நின்று ஏதோ பாடுவதுபோலக் கனவு. வாய் மட்டும் அசைகிறது.

அக்டோபர் 18, வெள்ளி

டாக்டர் சொல்லிவைத்த ஸ்டெத் மதுரையிலிருந்து வந்துவிட்டது. ஒரே வட்டு, அதிலிருந்து இரண்டு குழல், இரண்டு பேர் மாட்டிக்கொள்ள இரண்டு ஜோடிக் காதுமுனை. ஒரே சத்தத்தை இருவரும் ஒரே நேரத்தில் கேட்கலாம். கேட்டதும் பேசாமல் ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதி மடித்துவைக்க வேண்டும். பிரித்தால் நாலுக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அமிர்தவல்லியோடு ஆரம்பித்தேன். இருக்கிறவர்களில் சின்னவள், இருபத்துமூன்று வயசு, சேர்ந்து ஐந்து மாதம். வாட்ச்மேன் நாகராசுவின் கையைக் கடன் வாங்கினோம். அவள் சீட்டில் 138/84. என் சீட்டில் 126/90.

பன்னிரண்டு வித்தியாசமா? மறுபடி பார்த்தோம். இந்தத் தடவையும் அவளுடைய மேல் பிரஷர் என்னுடையதைவிடக் கூட.

"முள்ளு லேசா ஆடும், அதப் பாத்து எழுதக் கூடாது. சத்தம் வர்ற வரைக்கும் பொறுமையா இரு. அவசரப்படாத" என்றேன்.

"சரிங்க சிஸ்டர்" என்றாள். கண்ணில் தண்ணீர் எட்டிப்பார்த்தது. கொஞ்சம் அதட்டிவிட்டேன் போலிருக்கிறது. மற்றவர்களும் அதே ரகம். எல்லோரும் என்னைவிட மேலே. ஆர்வக்கோளாறு.

அக்டோபர் 22, செவ்வாய்

பயிற்சி பலிக்கிறது! இன்றைக்கு எட்டுப் பேரின் சீட்டும் என் சீட்டும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு, இரண்டு, பூஜ்யம், நாலு. அமிர்தவல்லி என்னோடு அச்சாக ஒத்துப்போகிறாள். நாலே நாளில்! டாக்டரிடம் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம். வரும் வழியில் நூறு கிராம் பக்கோடா வாங்கினேன்.

வீட்டில் என் கணவர் ரகுநாத் சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்தார். "அஞ்சு விசில் வந்துருச்சு. எங்கிட்டு இருக்க நீ?" பருப்பு கூழாகிவிட்டது. பள்ளிக்கூட ஆபீசில் நாள் முழுக்கக் கத்தல் கேட்டுக் கேட்டு இவருக்கு ஒரு விசில்கூடப் பொறுப்பதில்லை. டிவியையும் நான் சத்தமாக வைக்கிறேனாம்.

அக்டோபர் 29, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் ஷிஃபா வந்தாள். முப்பத்துமூன்றாவது வாரம். காலில் லேசாக வீக்கம். ஐந்து நிமிஷம் பெஞ்சு, திரை, கை மேஜைமேல், எல்லாம் சரியாகச் செய்தோம். இரட்டை ஸ்டெத்தில் நானும் அமிர்தவல்லியும். என் சீட்டு 126/84. அவள் சீட்டும் 126/84. ரெஜிஸ்டரில் எழுதி, தீபாவளி கழித்து வரச்சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் சீட்டுகளை அடுக்கும்போது அவளுடையது கையில் வழவழவென்று பட்டது. ரப்பரால் அழித்த இடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் 142/80.

கூப்பிட்டுக் கேட்டேன். "எதுக்கு அழிச்ச?"

"மொதல்ல தப்பா எழுதிட்டேன் சிஸ்டர். அப்புறம் சரி பண்ணிக்கிட்டேன்."

"என் சீட்டுதான் மடிச்சு இருந்துச்சே. எது சரின்னு ஒனக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

அழித்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு என் இடதுகையைக் காட்டினாள். "நீங்க வெரலத் தூக்குவீங்கள்ல. அப்ப முள்ளு எங்க இருக்குதோ அதை எழுதிக்குவோம், மடக்குறப்ப இருக்குறது கீழ் பிரஷர். எல்லாரும் அப்புடித்தான் சிஸ்டர். இன்னைக்கு மட்டும் கேட்டது அப்புடியே கையில வந்துருச்சு."

எல்லாரும் அப்படித்தான்.

அப்ப நான் என்ன கத்துக்கொடுத்தேன்? கேட்டதை நம்பாதே, என் விரலைப் பார்னு கத்துக்கொடுத்திருக்கேன். எட்டு ஜோடிக் காது ஒரு பக்கம், என் காது ஒரு பக்கம். எட்டுப் பேருக்கா தப்பாக் கேட்டிருக்கும்?

நூற்று நாற்பதைத் தொட்டுவிட்டால் மாசமாக இருக்கிற பெண்ணை டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

காலையில் டாக்டர் அறை வாசல் வரைக்கும் போனேன். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "தீபாவளிக்கு ஏதாவது வேணுமா சிஸ்டர்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். முதலில் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

சாயங்காலம் ரகுநாத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினேன். "எனக்கென்னடி பிரஷர்? ஒன்னக் கட்டிக்கிட்டு இம்புட்டு நாளா நல்லாத்தான இருக்கேன்" என்று சிரித்தார். பேசக் கூடாது என்றேன்.

காது சரிதானா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. குழலில் கேட்டுக்கொண்டே மணிக்கட்டில் விரலை வைத்து நாடியையும் பார்க்க வேண்டும். நின்றுபோன நாடி திரும்புவது விரலுக்குத் தெரியும் முன்பே காதுக்குச் சத்தம் வந்துவிட வேண்டும். காதுதான் முந்தும். படிக்கும்போது பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு முள்ளை இறக்கினேன். 130-இல் நாடி விரலில் துள்ளியது. காதில் ஒன்றும் இல்லை. 128. 126. 124. நாடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, காதில் அந்தப் பெஞ்சின் நிம்மதி. 120-இல்தான் தெருக்கோடிக் கதவு.

நாலு தடவை பார்த்தேன்.

"ஏன்டி அழுகுற? எனக்கு எதுவும் ஆயிருச்சா?" என்று பயந்துபோய்விட்டார் பாவம். ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் காது போச்சு என்றேன். பட்டையை அவரே கழற்றிவைத்துவிட்டு, டிவி சத்தத்தைப் பற்றி இனிமேல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச்சத்தம் எல்லாம் கேட்கிறது. பேசினால் கேட்கிறது, போனும் கேட்கிறது. அதனால்தான் ஏமாந்திருக்கிறேன். போனது அந்த மெல்லிய சத்தம் மட்டும். எத்தனை மாதமாக? எத்தனை பேருக்கு?

இரண்டு நாளாக ஷிஃபா வீட்டில் இருக்கிறாள்.

நவம்பர் 1, வெள்ளி

காலையில் அமிர்தவல்லிக்குப் போன் செய்தேன். லீவு நாளில் ஏன் என்றுகூடக் கேட்காமல் இரட்டை ஸ்டெத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே வந்தாள். "நான்தான் தப்பாக் கேக்குறேன்னு வீட்டுல போய் தெனமும் அழுவேன் சிஸ்டர்" என்றாள். மன்னிச்சுக்கம்மா என்றேன். ஆட்டோச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

சாரா உம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க சிஸ்டர், பெருநாள் மாதிரில வந்திருக்கீங்க! பலகாரம் கொண்டாந்தீங்களா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

ஷிஃபா கட்டிலில் படுத்திருந்தாள். நேற்றிலிருந்து தலைவலியாம். "கண்ணு முன்னாடி மின்மினி பறக்குற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். மாசமாக இருக்கிறவளுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வரும் முன்னால் இப்படித்தான் தெரியும். உட்காரவைத்து ஐந்து நிமிஷம் என்றேன். அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து மகன் ஷாநவாஸின் வீடியோ கால். சாரா உம்மாள் போனைக் கையில் பொத்தி, "இப்ப பேசப்படாதாம் வாப்பா. சும்மா மொகத்த மட்டும் பாத்துக்க" என்று மருமகள் பக்கம் திருப்பிவைத்தார். அந்த ஐந்து நிமிஷமும் அவன் அங்கிருந்து பார்க்க, இவள் இங்கிருந்து பார்க்க, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லையில் கோழி மேய்ந்தது. காலம் நின்றுபோனாற்போல் இருந்தது எனக்கு.

அமிர்தவல்லி குழலை மாட்டினாள். இன்னொரு ஜோடியை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீ மட்டும் கேளு. கேட்டத எழுது."

158/102.

மறுபடி பார்க்கச் சொன்னேன். 156/102.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன், மாத்திரை சொன்னார், கொடுத்தோம். நூற்றெட்டு வண்டி வந்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வண்டியில் வைத்தே சாரா உம்மாளிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நான் எழுதினது தப்பு, என் காதில் கோளாறு, இரண்டு நாள் தெரிந்தும் வரவில்லை என்று. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மருமகளின் காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மட்டும், "எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்கள விடமாட்டேன் சிஸ்டர்" என்றார். சரிதான். விடக் கூடாது.

நவம்பர் 4, திங்கள்

டாக்டரிடம் முழுக்கச் சொன்னேன். வேலையைவிட்டு நின்றுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

டாக்டர் கோபப்பட்டார், நன்றாகவே. புதன்கிழமை வாசல் வரை வந்துவிட்டு ஏன் திரும்பினீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். "நீங்க இன்னைக்கு நின்னுட்டா, நீங்க பாத்த மத்தவங்கள யாரு தேடுறது?" என்றார்.

ரெஜிஸ்டரில் 126/84-ஐ அடிக்கவேண்டாம், கீழே தேதி போட்டு நடந்ததை எழுதுங்கள் என்றார். எழுதினேன். என் கையெழுத்தே யாருடையதோபோல இருந்தது.

நவம்பர் 8, வெள்ளி

புதுக்கோட்டையில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றார்கள். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. வெளியே இருந்த பெண், "இப்ப கேட்டுச்சா? ஏன் வெரலத் தூக்கல?" என்கிறாள்.

காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிக்கொண்டு வருகிறதாம். அடிக்குரலாக வரும் மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். இரண்டு மூன்று வருஷமாகவே இருந்திருக்கலாம் என்றார். மெஷின் வைத்துக்கொள்ளலாம், ஆபரேஷனும் உண்டு.

அங்கிருந்து நேராக ஷிஃபாவைப் பார்க்கப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சாரா உம்மாள் வெளியே வந்து, "பிரஷர் எறங்கிருக்கு. வகுத்துல புள்ள அசையுதாம்" என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஆறு மாதமாக நான் பார்த்த பெண்கள் அறுபத்துநாலு பேர். வீடு வீடாகப் போய்த் திரும்பப் பார்த்தோம். நான் முன்னால் போய்ச் சமாதானம் சொல்ல, பின்னால் அமிர்தவல்லியும் மற்றவர்களும் குழலோடு. மழைத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். மூன்று பேருக்குப் பிரஷர் கூடுதலாக இருந்தது. மூவரும் இப்போது மருந்தில். ஒரு வீட்டில் என்னைப் பிரஷர் டப்பாவைத் தொட விடவில்லை. இன்னொரு வீட்டில் தலைதுவட்டத் துண்டு கொடுத்தார்கள்.

எட்டுப் பேருக்கும் முதல்லேருந்து பயிற்சி. இனி இரட்டை ஸ்டெத்தில் அவர்களுக்குள்தான் ஜோடி. நான் பெஞ்சையும் திரையையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. ஆபரேஷன். தாயும் சேயும் நலம். சாரா உம்மாளே போன் செய்தார். "கேக்குதா சிஸ்டர்? அழுகுது பாருங்க, கேக்குதா?" கேட்டது.

டிசம்பர் 17, செவ்வாய்

காது மெஷின் வந்து ஒரு வாரம். புங்க இலை சத்தம் போடுகிறது. இவ்வளவு சத்தமா போட்டுக்கொண்டிருந்தது இத்தனை நாளும்? ஆனால் காதில் இதை மாட்டியிருக்கும்போது ஸ்டெத் வைக்க முடியாது. போகட்டும்.

ஷிஃபா குழந்தையோடு வந்தாள். பெயர் சாமியா. பெஞ்சில் ஐந்து நிமிஷம் தாய் வாயை மூட, குழந்தை மூடவில்லை. பால் கொடுத்துத் தூங்கவைத்து மறுபடி ஐந்து நிமிஷம். சாரா உம்மாள் எனக்கும் பெஞ்சில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை, பேசக் கூடாதே. ஷிஃபாவுக்கு 118/76.

பிறகு பரீட்சை. டாக்டர் வந்து நின்றார். எட்டுப் பேருக்கும் பார்க்க ஒரே கை வேண்டும். நாகராசு லீவு. நான் உட்கார்ந்தேன். ஜோடி ஜோடியாக வந்தார்கள். சீட்டுகளைப் பிரித்தால் 146, 148, 144, 146... எல்லாம் நாலுக்குள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, எண்கள் கொஞ்சம் கொஞ்சம் இடறி நின்றன.

கடைசியாக அமிர்தவல்லி தனியாக. கண்ணை மூடிக்கொண்டேன். பட்டை இறுகியது, கை மரத்தது, காற்று மெதுவாகப் போனது. குழல் என் காதில் இல்லை. ஆனாலும் புஜத்துக்குள் ஒரு இடத்தில் ரத்தம் திரும்பி வந்து ஒரு தட்டுத் தட்டியது, நன்றாகத் தெரிந்தது.

"சிஸ்டர்" என்றாள் அமிர்தவல்லி. கண்ணைத் திறந்தேன். என் இடதுகை விரல் எழும்பி நின்றிருந்தது.

"வெரல மடக்குங்க. மறுபடியும் பாக்கணும்."

மடக்கிக்கொண்டேன். மறுபடி காற்றடித்துக் கேட்டுவிட்டு 146/92 என்று எழுதினாள். டாக்டரிடம் தனியாகக் காட்டாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னாள்.